இரண்டு நிமிடத் திரில்லருக்கு 50 பேரிடம் என்ன கேட்பது?

கேள்வி: நாங்கள் நால்வர் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கிறோம். ஒரு திரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் எடுத்துக் கொடுப்பது எங்கள் செய்முறைத் தேர்வு. கதை எழுதும் முன் 50 பேரிடமாவது கருத்துக் கேட்டு, அதை வைத்தே திட்டமிட வேண்டும் என்கிறார்கள். 'திரில்லர் படம் உங்களுக்குப் பிடிக்குமா?' என்று தொடங்கி 20 கேள்விகளைக் கூகுள் படிவத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம். அனுப்பலாமா?
– மாணவி ஒருவர், மண்டபம்

பதில்: இப்போது அனுப்ப வேண்டாம். முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 50 பேரில் 45 பேர் 'ஆம்' என்று சொன்னால், அந்தப் பதிலை வைத்து நீங்கள் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? மேலும், திரில்லர் என்றதும் ஒருவருக்குப் பேய்ப்படம் நினைவுக்கு வரும், இன்னொருவருக்குப் போலீஸ் துப்பறியும் கதை, மூன்றாமவருக்கு ஆள்கடத்தல். எல்லோரும் 'ஆம்' என்பார்கள். ஒவ்வொருவரும் வேறொன்றைச் சொல்லியிருப்பார்கள்.

விருப்பத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேளுங்கள். 'அடுத்து என்ன ஆகுமோ என்ற படபடப்போடு நீங்கள் கடைசியாக முழுமையாகப் பார்த்த படம் எது? அதைத் தியேட்டரில் பார்த்தீர்களா, டிவியிலா, போனிலா? தனியாகவா, வீட்டாருடனா? பாதியில் நிறுத்திவிட்ட படம் ஏதேனும் உண்டா, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?' மனிதர்கள் தங்கள் ரசனையைப் பற்றிச் சொல்லும்போது சற்று உயர்த்தியே சொல்வார்கள். போன வாரம் செய்ததைச் சொல்லும்போது அவ்வளவாக உயர்த்த முடியாது.

இவற்றில் 'எதில் பார்த்தீர்கள்' என்ற கேள்வியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் இரண்டு நிமிடங்களின் ஒளியையும் ஒலியையும் தீர்மானிக்கப் போவது அதற்கு வரும் பதில்தான். பெரும்பாலோர் போனில், பகல் வெளிச்சத்தில், ஹெட்போன் இல்லாமல் பார்ப்பவர்கள் என்றால், கும்மிருட்டில் ஓர் உருவம் நகர்வதாக நீங்கள் உழைத்து எடுக்கும் ஷாட்டில் அவர்களுக்குத் தங்கள் முகத்தின் பிரதிபலிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. வாசலுக்கு வெளியே கேட்கும் மெல்லிய காலடி ஓசையும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போகும். தேர்வாளர்கள் இருட்டறையில் நல்ல ஒலிப்பெருக்கியோடு பார்க்கப் போகிறார்கள் என்றால் கணக்கு வேறு. யாருக்காக எடுக்கிறோம் என்பதை அறிக்கையில் எழுதி வைத்துவிட்டு, அதற்கேற்பத் திட்டமிடுங்கள். (போகிற போக்கில் ஒன்று: கடற்கரையில் வசனம் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை இல்லாமல் போகாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உங்கள் கதாநாயகன் என்ன பேசினான் என்பதே எவரும் அவிழ்க்க முடியாத புதிராகிவிடும்.)

அடுத்து, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிடும் பழக்கம். 'விறுவிறுப்பாகக் கொலையோடு தொடங்குவது பிடிக்குமா, மெதுவாகத் தொடங்குவது பிடிக்குமா?' என்று கேட்டால், விறுவிறுப்பு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? 'இசையும் ஒளிப்பதிவும் பயத்தைக் கூட்டுகின்றனவா?' என்பது இரண்டு கேள்வி. வரும் பதில் எதற்குரியது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. 20 கேள்விகளை எட்டாகக் குறையுங்கள். அவற்றில் இரண்டையாவது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்காமல் அவர்களே சொந்தச் சொற்களில் எழுதும்படி விட்டுவிடுங்கள். படத்துக்கான சரக்கு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். அனுப்பும் முன் நான்கைந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் நிரப்பும்போது எங்கே தயங்குகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பாருங்கள்.

யாரிடம் கேட்பது என்பது கடைசிச் சிக்கல். வாட்ஸ்அப் குழுக்களில் படிவத்தைப் போட்டால் உங்கள் வயதுடைய, உங்களைப் போலவே படம் பார்க்கிற 50 பேர் ஒரே மாலையில் நிரப்பிவிடுவார்கள். அது உங்களையே 50 முறை கேட்டதற்குச் சமம். பாதியையாவது நேரில் போய்க் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வலை சீர்செய்யும் இடத்தில் உட்கார்ந்தால் பேச நேரமும் கிடைக்கும். ஆனால் பழக்கமான வீட்டுப் பிள்ளை கேட்கிறதே என்று பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் 'நல்லா இருக்கும்மா' என்று சொல்லிவிடும் ஆபத்து நேரில் உண்டு. அதனால் உங்கள் தெருவில் உங்கள் நண்பரும், நண்பரின் ஊரில் நீங்களும் கேளுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கேள்வியைப் படித்துக் காட்டும்போது ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் படியுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பதிலையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கேள்வி: எங்கள் கருத்துக்கணிப்பில் அதிகம் பேர் தனுஷ்கோடியில் படம் தொடங்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். 62 விழுக்காடு ஆதரவு இருக்கிறது. அப்படியே எடுத்துவிடலாமா?
– மாணவர் ஒருவர், இராமநாதபுரம்

பதில்: முதலில் விழுக்காட்டைக் கைவிடுங்கள். நீங்களும் 50 பேரிடம்தான் கேட்டீர்கள் என்றால், ஒவ்வொருவரும் 2 விழுக்காடு. 62 என்பது 31 பேர். '50 பேரில் 31 பேர்' என்று எழுதினால் படிப்பவருக்கும் உங்களுக்கும் அதன் எடை தெரியும்.

அந்த 31 பேர் எந்த ஊர்க்காரர்கள் என்று பிரித்துப் பார்த்தீர்களா? 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிந்த தேவாலயமும் இருபுறக் கடலும் வெளியூர்க்காரருக்கு அச்சமூட்டும் காட்சிகள். நம் கரையில் வளர்ந்தவருக்கு அது உறவினரை அழைத்துச் சென்று காட்டும் இடம். சில குடும்பங்களுக்கு இழவு நடந்த இடம். போனில் பலமுறை பார்த்த பின்னணி என்பதாலேயே முதலில் நினைவுக்கு வந்திருக்கவும் கூடும். நடைமுறையில் பார்த்தாலும், மாலைக்குப் பிறகு பொதுமக்களை அங்கே இருக்க விடுவதில்லை என்பதால் உங்கள் இரவுக் காட்சி பகலாகிவிடும். ட்ரோன் பறக்கவிடும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கும் எல்லைப்புறக் கடற்கரை இது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது.

எனவே 'எந்த இடம்?' என்று வாக்கெடுப்பதற்குப் பதிலாக, 'இந்தக் கரையில் உங்களுக்கு உண்மையிலேயே அடிவயிறு கலங்கிய நேரம் எது?' என்று கேட்டுப் பாருங்கள். இடிந்த தேவாலயத்தை உள்ளூரில் எவரும் சொல்ல மாட்டார்கள் என்பது என் ஊகம். விடியலுக்குள் திரும்பியிருக்க வேண்டிய வல்லம் திரும்பாததை, நடுக்கடலில் என்ஜின் சத்தம் நின்றுபோனதை, விளக்கில்லாமல் நெருங்கி வந்த இன்னொரு படகைச் சொல்வார்கள். கரையில் ஒரு பெண் போனை எடுக்கிறாள், மறுமுனையில் என்ஜின் ஓசை மட்டும் கேட்கிறது, பிறகு அதுவும் நிற்கிறது என்று ஒரு தொடக்கத்தை எடுக்க எந்த அனுமதியும் தேவையில்லை, செலவும் இல்லை.

வாக்கெண்ணிக்கை கதையைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு நம் சினிமாவிலேயே சான்று இருக்கிறது. பாட்டில்லாத தமிழ்ப்படத்தைப் பார்ப்பீர்களா என்று 1954இல் ரசிகர்களைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்த ஆண்டில்தான் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' ஒரு பாட்டும் இல்லாமல், சிவாஜி கணேசனின் பாத்திரம் சுடப்பட்டு விழுவதோடு தொடங்கியது. முதல் வெளியீட்டில் வசூல் கைகொடுக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆக, கருத்துக்கணிப்பு வசூலைச் சரியாகவே சொல்லியிருக்கும். உங்களுக்கு வசூல் கவலை இல்லையே!

கேள்வி: எடிட்டிங் முடித்து நண்பர்களுக்குக் காட்டினோம். எல்லோரும் 'சூப்பர்' என்கிறார்கள். இதை எப்படி அறிக்கையில் எழுதுவது?
– வாசகர், கீழக்கரை

பதில்: எழுத அதில் ஒன்றுமில்லை. கதை தெரியாத பத்துப் பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துக் காட்டுங்கள். முடிந்ததும் 'எப்படி இருந்தது?' என்று கேட்காமல், 'அடுத்து என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். பத்துப் பேரும் ஒரே விடையைச் சொன்னால் உங்கள் புதிர் மிக எளிது. பத்துப் பேரும் உதட்டைப் பிதுக்கினால் கொக்கி எங்கும் மாட்டவில்லை. மூன்று நான்கு வகையான ஊகங்கள் வந்து, ஒவ்வொருவரும் தன் ஊகத்துக்குக் காட்சியிலிருந்தே காரணம் சொன்னால் தொடக்கம் வேலை செய்கிறது. அவர்கள் பார்க்கும்போது நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்து, எந்த நொடியில் கண் விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வடிவங்களை ஒப்பிடுவதானால், பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றதையும் முதலில் காட்டுங்கள். இரண்டாவதாகப் பார்ப்பவருக்குப் புதிர் முன்பே பாதி தெரிந்திருக்கும்.

கேள்வி: படிவத்தில் வயதை எத்தனை பிரிவாகக் கேட்க வேண்டும்?
– மாணவி ஒருவர், தேவிபட்டினம்

பதில்: 50 பேரை ஆறு பிரிவாக்கினால் ஒரு பிரிவுக்கு எட்டுப் பேர்தான் தேறுவார்கள், அதை வைத்து எதையும் சொல்ல இயலாது. 25 வயதுக்கு உட்பட்டோர், மேற்பட்டோர் என இரண்டே போதும். பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்பதானால் பெற்றோரின் ஒப்புதலைப் பெறுங்கள். 2024 முதல் தணிக்கைச் சான்றிதழில் யுஏ பிரிவே 7, 13, 16 என மூன்று வயதுப்படிகளாக்கப்பட்டிருப்பதால், இரத்தமும் சடலமும் காட்டப்போகிறவர்கள் எந்தப் படிக்கு எடுக்கிறோம் என்பதையும் அறிக்கையில் குறிப்பிடலாம். பெயரும் கைப்பேசி எண்ணும் உங்களுக்கு எதற்கு? அந்த இரண்டு கட்டங்களையும் நீக்கிவிடுங்கள்.