வெறும் க்யூசி

அண்ணா,
எம்.எஸ்.சி கெமிஸ்ட்ரி முடிச்சு அஞ்சு வருஷமா ஒரு மருந்து கம்பெனில வெறும் க்யூசி (தரப் பரிசோதனை) லேப்ல இருக்கேன். புதுப்பிக்கக்கூடிய கரண்ட்ல தண்ணியப் பிரிச்சு எடுக்கிற பச்சை ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. 28 வயசுல பிஎச்டி லேட்டா? வெளிநாடு போனாத்தான் நடக்குமா? இல்ல இதெல்லாம் நாலு வருஷ ஃபேஷனா?
- ஒரு வாசகர்

தம்பி,
28 எல்லாம் ஒரு வயசா? ஆனா பிஎச்டி உதவித்தொகைக்கு (ஜே.ஆர்.எஃப்) நெட் தேர்வு எழுதுறதா இருந்தா தள்ளிப்போடாதீங்க, அந்த உதவித்தொகைக்கு வயசு வரம்பு உண்டு. வெளிநாடு அப்புறம் பாத்துக்கலாம், காரைக்குடி சிக்ரில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953லேர்ந்து எலக்ட்ரோகெமிஸ்ட்ரிதான் பண்றாங்க, மொதல்ல அந்த வாசலை மிதிங்க.

ஃபேஷனான்னு கேட்டதுக்குத்தான் கோவம் வருது. 2023ல அரசாங்கம் 19,744 கோடின்னு பச்சை ஹைட்ரஜன் மிஷன் அறிவிச்சதும் பொறந்த துறையா இது? 1960கள்லயே பஞ்சாப் நங்கல்ல, பக்ரா அணை கரண்ட்ல தண்ணியப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுத்து உரம் பண்ணிருக்காங்க. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் குடிக்கும், அதக் குறைக்கத்தான் இத்தனை பேர் ரியாக்‌ஷனைச் சுலபமாக்குற கேட்டலிஸ்ட் தேடி அலையுறோம்.

நானும் அலைஞ்சேன். பிளாட்டினத்துக்குப் பதிலா மலிவா மாலிப்டினம் சல்ஃபைடு வச்சு ஆசிட்ல ஓட்டிட்டிருந்தேன், எந்தப் பொருளும் ஓட்ட ஓட்ட தேயும், என்னோடது மட்டும் நாளுக்கு நாள் நல்லாயிட்டே போகுது, எனக்கு தலைகால் புரியல, பேப்பரே பாதி எழுதிட்டேன். எங்க லேப்ல கண்ணாடி ஊதுற பெரியவர் ஒருத்தர் தண்ணியப் பிரிக்கிற செல்லை எட்டிப் பாத்துட்டு, "எதிர்ல இருக்கிற கம்பி பிளாட்டினம்தானப்பா, அது கரையாதுன்னு யாரு சொன்னா?"ன்னாரு. அவ்ளோதான். அந்த எதிர்க் கம்பி, அதான் கவுன்டர் எலக்ட்ரோடு, அதுலேர்ந்து பிளாட்டினம் துளித்துளியா கரைஞ்சு வந்து என் கேட்டலிஸ்ட் மேல உக்காந்திருக்கு. கம்பிய எடுத்துட்டு கிராஃபைட் ராடு போட்டு, புதுசா ஒரு எலக்ட்ரோடு பண்ணி ஓட்டினேன், பெருமையெல்லாம் ஒரே நாள்ல போச்சு. ஆறு மாச வேலை.

காரத்துலயும் இதே கூத்துதான். நிக்கல் எலக்ட்ரோடு ஆக்சிஜனை பிரமாதமா விடுதேன்னு குதிப்பாங்க, பாத்தா பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல துளியூண்டு கலந்திருந்த இரும்பு பண்ற வேலை. ப்ளாங்க் ஓட்டாம, அதாவது சாம்பிள் இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பாக்காம, கெமிக்கலோட சுத்தம் பாக்காம, கிராஃப் ஏறுதுன்னு ஆடுறவன்தான் இங்க ஜாஸ்தி. நீங்க அஞ்சு வருஷமா தினம் ப்ளாங்க் ஓட்டுறீங்க, அளவு தெரிஞ்ச ஸ்டாண்டர்ட் சரியான்னு பாக்குறீங்க, ஒரு நம்பர் ரொம்ப அழகா வந்தா சந்தேகப்படுறீங்க. அதப் போய் கூச்சப்பட்டு எழுதிருக்கீங்களே, அறிவிருக்கா?

பிஎச்டிக்கு கைடு யாருக்காவது மெயில் போட்டா, எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி அந்த 'வெறும்'ங்கிறத அழிச்சிடுங்க.