மோதிரமா, பேண்டா? தூக்கத்தை அளக்க எதை வாங்குவது

கேள்வி: ஸ்மார்ட் மோதிரம் 30,000 ரூபாய்க்கு மேல் போகிறது. மணிக்கட்டில் கட்டும் பேண்ட் 3,000 ரூபாய்க்கே கிடைக்கிறது. பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு துல்லியம் இருக்குமா? (திருச்சி)

இருக்காது. இரண்டுக்குள்ளும் இருக்கும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான். தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தில் நாடித்துடிப்பைப் படிக்கும் சென்சார் ஒன்று, உடல் அசைவை அறியும் ஆக்சிலரோமீட்டர் ஒன்று. மோதிரங்களில் தோலின் வெப்பநிலையும் பெரும்பாலும் சேர்ந்துவரும்.

மோதிரத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. விரலின் உள்பக்கத்தில் ரத்தக் குழாய்கள் நெருக்கம், தோலின் கருமையும் குறைவு. அதனால் நாடி தெளிவாகக் கிடைக்கும். மணிக்கட்டின் மேல்பக்கத்தில் அந்த வசதி இல்லை, பட்டை தளர்ந்து புரண்டால் இன்னும் மோசம். இதயத்துடிப்பும் எச்ஆர்வியும் (ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு)தான் உங்களுக்கு முக்கியம் என்றால் மோதிரத்துக்குப் பணம் கொடுக்கலாம்.

ஆனால் தூக்கம் மூளையில் நடக்கிற விஷயம். ஸ்லீப் லேபில் தலையிலும் முகத்திலும் வயர்களை ஒட்டி மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசையின் இறுக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். பிறகு அந்த இரவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தூக்கத்தின் எந்த நிலை என்று குறிப்பார்கள். மோதிரமும் பேண்டும் வெறும் நாடியையும் அசைவையும் வைத்து அதை ஊகிக்கின்றன. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதை இரண்டுமே ஓரளவு சரியாகச் சொல்லும். விழித்தபடியே ஆடாமல் அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும்.

கேள்வி: எனக்கு 58 வயது. ஆழ்ந்த உறக்கம் 40 நிமிடம்தான் என்று ஆப் காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைவது இயல்பு. இந்தக் கருவிகள் அதிகம் தடுமாறுவதும் இந்த ஒரு எண்ணில்தான். ஒரே இரவில் இரண்டு கருவிகளைப் போட்டால் இரண்டு விடை வரும். ஆப் தரும் தூக்க ஸ்கோரைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி 2017-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பகலில் சோர்வில்லாமல் இருக்கிறீர்களா? சரி, ஆப்பில் அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் பலமாகக் குறட்டை விடுவார். நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறார். மோதிரம் வாங்கினால் இது ஸ்லீப் ஆப்னியாவா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்) என்று தெரிந்துவிடுமா?

அந்தப் பணத்தில் முதலில் டாக்டரைப் பாருங்கள். நுரையீரல் மருத்துவரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ போதும். மூச்சு நிற்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். எந்த மோதிரத்தின் வரைபடத்தையும் விட மருத்துவருக்கு அது பெரிய தகவல். சோதனையில், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்கள். 5-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 30-ஐத் தொட்டால் கடுமையானது.

2024-ல் சாம்சங், ஆப்பிள் இரண்டின் ஆப்னியா வசதிக்கும் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது உண்மைதான். இரண்டுமே கைக்கடிகாரத்துக்கானவை, அவையும் அறிகுறி காட்டுவதோடு சரி. கடிகாரம் எதுவும் சொல்லவில்லை என்பதால் நோய் இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

கேள்வி: மோதிரம் சர்க்கரை அளவும் காட்டுமாமே?

குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் மோதிரம், கடிகாரம் எதையும் நம்பாதீர்கள் என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. விற்பவர் அப்படிச் சொன்னால் மற்ற எண்களையும் சந்தேகியுங்கள்.

கேள்வி: என் தங்க மோதிர அளவையே சொல்லி ஆர்டர் செய்யலாமா?

வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். மாதிரி வளையங்கள் அனுப்பச் சொல்லி, ஒரு பகலும் ஓர் இரவும் போட்டுப் பாருங்கள். வெயிலிலும் காலையில் எழும்போதும் விரல் வீங்கும். இறுகிப்போனால் ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்குகிற பொருள் இல்லை இது. அதனால் விரல் வீங்கக்கூடிய கர்ப்பிணிகளுக்கு நான் பேண்டைத்தான் சொல்வேன்.

அப்புறம் இன்னொன்று. சாம்சங் மோதிரம் ஐபோனோடு வேலை செய்யாது. ஃபின்லாந்தின் ஔரா மோதிரத்தை முழுதாகப் பயன்படுத்த மாதச் சந்தா கட்ட வேண்டும். பெங்களூரு அல்ட்ராஹ்யூமன் மோதிரத்தின் அடிப்படைத் தூக்கக் கணக்குக்குச் சந்தா கிடையாது. எதுவானாலும் பேட்டரியை மாற்ற முடியாது. அது தேய்ந்தால் மோதிரமே போச்சு.

கேள்வி: நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. எது சரிப்படும்?

டியூட்டியில் கை கழுவ இரண்டையும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். அதனால் விலை குறைந்த பேண்டே போதும், படுக்கப் போகும்போது மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சில கருவிகள் பகலில் ஆறு மணி நேரம் தூங்கினாலும் அதைக் குட்டித் தூக்கம் என்று ஒதுக்கிவிடும், சில பதிவே செய்யாது. வாங்கின வாரத்திலேயே, நைட் முடிந்து வந்து தூங்கும் நாளில் சோதித்துப் பாருங்கள். கணக்கில் வரவில்லை என்றால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.