கொச்சிக் கப்பலுக்குக் கோவை வால்வு போகுமா?

கேள்வி: "கோவை கணபதியில் சின்னதாக ஒரு ஃபவுண்டரியும் மெஷின் ஷாப்பும் வைத்திருக்கிறேன். பம்ப் கேசிங், வால்வு பாடி வார்ப்புகள்தான் பிழைப்பு. விவசாய பம்ப் ஆர்டர் முன்ன மாதிரி இல்லைங்க. கொச்சியில் விமானந்தாங்கிக் கப்பல் கட்டினாங்களே, அந்த மாதிரி வேலை எங்களைப் போன்றவங்களுக்குக் கிடைக்குங்களா? வெண்டார் பதிவு வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமுங்களா?"

பதில்: கொடுக்காதீர்கள். கொச்சி கப்பல் கட்டும் தளம் மத்திய அரசு நிறுவனம். பதிவுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. பதிவு கிடைத்தாலே ஆர்டர் வந்து குவியும் என்பதும் இல்லை. அந்த இரண்டு லட்சத்துக்கு வேறு செலவு காத்திருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வேலை நிச்சயம் உண்டு. நீங்கள் சொல்லும் அந்த விமானந்தாங்கி, 262 மீட்டர் நீளமுள்ள ஐ.என்.எஸ். விக்ராந்தில் சுமார் 2,300 அறைகள், 150 கிலோமீட்டர் குழாய், 2,000 வால்வு. நூற்றுக்கு மேற்பட்ட சிறு, நடுத்தர நிறுவனங்களின் கை அதில் பட்டிருக்கிறது. ஆனால் விமானந்தாங்கியை நம்பிக் கடை விரிக்க வேண்டாம். 2009 பிப்ரவரியில் அடிக்கட்டை போட்ட கப்பல், 2022 செப்டம்பர் 2-ல்தான் கடற்படையில் சேர்ந்தது. அடுத்தது வரும் வரை உங்கள் பாங்க் மேனேஜர் பொறுக்கமாட்டார். அதே தளத்துக்கு ஆறு ஏவுகணைக் கப்பல்களுக்கு 2023-ல் சுமார் 9,805 கோடி ரூபாய் ஒப்பந்தம் கிடைத்தது. நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்கள் எட்டு தனி. இன்னொரு விமானந்தாங்கியான விக்ரமாதித்யாவின் பழுதுபார்ப்புக்கு 2024-ல் சுமார் 1,207 கோடிக்குக் கையெழுத்தாயிற்று. ஓடுகிற கப்பலுக்கு இம்பெல்லரும் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) வால்வு சீட்டும் (வால்வு மூடும்போது பொருந்தி உட்காரும் வளையம்) வருஷா வருஷம் வேண்டும். உங்கள் கண் அங்கே இருக்கட்டும்.

இனி உலோகம். உங்கள் கையில் ஓடுவது பெரும்பாலும் காஸ்ட் அயர்னாகத்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீருக்கு அது போதும். கடல்நீர் அதை அரிக்கும். பக்கத்தில் தண்ணீருக்கடியில் குண்டு வெடித்தால் அந்த அதிர்ச்சியில் வளையாமல் உடைந்துபோகும். சாதாரணப் பித்தளையும் ஆகாது. உப்புநீரில் துத்தநாகம் கரைந்து வெளியேற, மிஞ்சுவது சொறசொறவென்ற செம்புதான். பார்க்க முழுசாக இருக்கும், ஸ்பேனர் போட்டால் பெயரும். அதனால்தான் கடல்நீர் லைன்களில் கன்மெட்டல் (வெள்ளீயம் கலந்த செம்பு), நிக்கல் அலுமினிய வெண்கலம் (இதுவும் செம்புக் கலவைதான்) என்று கேட்கிறார்கள்.

இந்த இரண்டாவது உலோகத்தில்தான் நம் ஊர் ஃபவுண்டரிகள் தடுக்கி விழுகின்றன. அலுமினியம் 9 சதவீதம் அளவில், நிக்கல் 4 முதல் 5, இரும்பு 3.5 முதல் 4.5, இரும்பு நிக்கலைத் தாண்டக் கூடாது. ஊற்றும்போது உருகிய உலோகத்தின் மேல் அலுமினிய ஆக்ஸைடு ஏடு படியும், பால் ஏடு மாதிரி. மேலிருந்து சளசளவென்று ஊற்றினால் அந்த ஏடு மடிந்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு குறையும் தெரியாது. மெஷினிங் முடித்து, இயங்கு அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) வைக்கும்போது சுவர் மெல்ல வியர்க்கும். அத்தனை கூலியும் போச்சு. ஆகவே அடியிலிருந்து நிரம்பும்படி கேட்டிங் (அச்சுக்குள் உலோகம் போகும் வழி), நடுவில் ஃபில்டர், அலை எழும்பாத ஊற்று. கேட்கும் தர நிர்ணயத்தைப் பொறுத்து, 675 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் அனீலிங்கும் (சூட்டில் வைத்துப் பதப்படுத்தல்) செய்ய வேண்டும். இதற்குச் சில மாதம் சோதனை வார்ப்பு ஊற்றிப் பார்க்காமல் யாரிடமும் விலை சொல்லாதீர்கள். இரண்டு லட்சம் போக வேண்டிய இடம் இதுதான்.

உலோகம் பாதி என்றால் காகிதம் மீதி. ஒவ்வொரு வார்ப்பும் எந்த உருக்கிலிருந்து வந்தது என்று ஹீட் நம்பரை வைத்துச் சொல்ல முடிய வேண்டும். அந்த எண் வார்ப்பிலேயே புடைப்பாக வரட்டும். ஃபிளாஞ்சு (குழாயோடு இணையும் விளிம்பு) முகத்தில் போட்டால் லேத்தில் சீவிப்போய்விடும், பிறகு அது அநாதை வார்ப்பு. பலம் சோதிக்கும் துண்டான டெஸ்ட் பாரை அதே லேடிலிலிருந்து (உருகிய உலோகம் ஊற்றும் கலம்) ஊற்றி, இன்ஸ்பெக்டர் முத்திரை அடித்த பிறகே வெட்ட வேண்டும். தர உறுதித் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்காமல் ஊற்றிவிட்டு ஆளைக் கூப்பிட்டால், சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழித்துவிடுவார்கள். இதில் கெஞ்சிப் பயனில்லை.

தேதியும் முக்கியம். கப்பலைப் பெரிய பெரிய பிளாக்குகளாகக் கட்டி, முடிந்த அளவு குழாயும் வால்வும் உள்ளே பொருத்திய பிறகு ஒன்றோடொன்று வெல்டு செய்கிறார்கள். கப்பலின் மேல்தட்டு மூடியபின் வரும் வால்வை உள்ளே கொண்டுபோகவே தனி வேலை. விக்ராந்தே கியர்பாக்ஸ் போன்ற சாமான்கள் தாமதமாகி, 2011 டிசம்பரில் சுமார் 14,000 டன் எடையோடு டாக்கிலிருந்து வெளியே மிதக்கவிடப்பட்டது. முறையாக நீரில் இறக்கும் விழா 2013 ஆகஸ்டில்தான். ஆனால் தூரம் நமக்குச் சாதகம். சேலத்திலிருந்து அவிநாசி, வாளையார் வழியாகக் கொச்சிக்குப் போகும் 544-ம் நெடுஞ்சாலை நம் வாசலில்தான் ஓடுகிறது. சாயங்காலம் ஏற்றிய சரக்கு காலையில் தளத்தின் கேட்டில் நிற்கும்.

எங்கே தொடங்குவது? நேராகத் தளத்துக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. கடற்படைக்கு ஏற்கெனவே வால்வும் பம்பும் கொடுக்கும் பெரிய கம்பெனிகளுக்கு முதலில் வார்ப்பு மட்டும் ஊற்றிக் கொடுங்கள். வரைபடம், ஒப்புதல், சோதனை எல்லாம் அவர்கள் பொறுப்பில் நடக்கும், நீங்கள் பார்த்துப் பழகலாம். கூடவே பாதுகாப்புத் துறையின் ஸ்ரீஜன் இணையதளத்தைப் பாருங்கள். இதுவரை இறக்குமதி செய்த உதிரிகளை உள்நாட்டில் செய்ய ஆள் தேடிப் பட்டியல் போட்டிருப்பார்கள். கோவையும் சேலமும் ஓசூரும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கின்றன. (வழித்தடம் என்றதும் நில விலை விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.) கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையத்தில் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்பது புரியும்.

கடைசியாகப் பணம். செம்பும் நிக்கலும் வாங்க முன்பணம் காஸ்ட் அயர்னைவிடப் பல மடங்கு பிடிக்கும். ஸ்கிராப் மறுபடி உருக்கினாலும் கலவையைத் திருத்தியாக வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு டெண்டர் முன்வைப்புத் தொகையில் விலக்கு உண்டு. பில் தொகை 45 நாளுக்குள் வர வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழில் உங்கள் தொழில் உற்பத்தி என்று இருக்கிறதா, வர்த்தகம் என்று இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். வர்த்தகம் என்றிருந்தால் அந்த விலக்கு கிடைக்காது, இந்த வாரமே திருத்திவிடுங்கள்.