ஜூலையில் எந்தக் கரை? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அம்மா, மனைவி, ஏழு வயது மகள் ஆகியோருடன் வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றில் ஒரு வாரம் தங்கிவர ஆசை. மகள் நீச்சல் பழகியிருக்கிறாள், கடலில் இறங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எல்லோரும் டிசம்பர், ஜனவரி என்கிறார்கள். ஆனால் ஜூலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஹோட்டல்கள் பாதி வாடகைக்குக் கிடைக்கின்றன. மழை பெய்தாலும் கொஞ்ச நேரம்தான், மற்றபடி வெயில் இருக்கும் என்கிறார் பயண முகவர். போகலாமா? பொதுவாக நல்ல பருவம் எது என்று எப்படிக் கணிப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகள் கடலில் இறங்குவதற்காகத்தான் இந்தப் பயணம் என்றால், ஜூலையில் புக்கெட் வேண்டாம். முகவர் சொன்னதுபோல மழை விட்டுவிட்டுப் பெய்யலாம், நடுவே வெயிலும் அடிக்கலாம். ஆனால் விசாரிக்க வேண்டியது காற்றைப் பற்றி.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலைக் கடந்து புக்கெட்டின் மேற்குக் கரையில் மோதுகிறது. பதோங், கரோன், கட்டா என்று பெயர்பெற்ற கடற்கரைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும், கடலில் இறங்காதே என்று சிவப்புக் கொடி பறக்கும். சற்று வடக்கே உள்ள சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே விடுகிறார்கள்.

அந்த நாட்களில் கரையில் நின்று பார்த்தால் அலைகள் வரிசையாக நுரைத்து உடைவது தெரியும். நடுவே ஒரு பட்டையில் மட்டும் நுரை இருக்காது. தண்ணீர் கொஞ்சம் கருத்து, அடங்கிக் கிடக்கும். குழந்தையோடு வருபவர்கள் இங்கேதான் அலை இல்லை என்று அந்த இடத்தில் இறங்குவார்கள். கரையேறிய நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது. இடுப்பளவு நீரில் நிற்கும் பெரியவரையும் உள்ளே இழுத்துப்போகும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் உடம்பு ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித்தான் விலக வேண்டும். ஏழு வயதுக் குழந்தையிடம் அந்த நிதானத்தை எப்படி எதிர்பார்ப்பது? வாடகையில் பாதி மிச்சம் என்பதற்காக இதற்குத் துணியாதீர்கள்.

அதே ஜூலையில் தாய்லாந்தின் மறுபக்கம், கோ சமூய் தீவின் கிழக்குக் கரையில், கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். நடுவிலுள்ள நிலமும் மலைகளும் காற்றைத் தடுத்துவிடுகின்றன. அங்கே அடைமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். இலங்கையிலும் இதே கதைதான். பெந்தோட்டை, மிரிஸ்ஸ போன்ற தென்மேற்குக் கரைகளுக்கு நல்ல பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை. திருகோணமலை, நிலாவெளிக்கு மே முதல் செப்டம்பர் வரை. ஆகவே ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி எந்த மாதம் நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது. வரைபடத்தை எடுத்து, கரை எந்தத் திசையைப் பார்க்கிறது, அந்த மாதம் காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பாருங்கள். வெப்பமண்டலத்தில் இதுவே முதல் கேள்வி. தண்ணீர் குளிருமோ என்ற கவலை அந்தப் பக்கங்களில் கிடையாது.

மத்தியதரைக் கடலுக்குப் போவதானால் அந்தக் கவலை வரும். நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். சூரியன் உச்சத்தைத் தொடுவது ஜூனில், கடல் உச்ச வெப்பத்தை எட்டுவதோ ஆகஸ்டில். கிரேக்கத்தின் கிரீட் தீவில் மே மாத வெயில் சுகமாக இருக்கும், ஆனால் கடல்நீர் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். குழந்தைகள் நடுங்கிக்கொண்டு ஏறிவிடுவார்கள். செப்டம்பரில் கூட்டமும் குறையும், நீரும் 24, 25 டிகிரியில் இருக்கும். அங்கே போவதென்றால் நான் செப்டம்பரைத்தான் சொல்வேன்.

இதை அப்படியே கரீபியன் தீவுகளுக்குப் பொருத்திவிடாதீர்கள். நீந்துபவருக்கு இதமான அந்த வெதுவெதுப்புதான் புயலுக்குத் தீனி. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் சரியாகச் செப்டம்பர் 10 வாக்கில். அந்தப் பக்கம் போக டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. வெயிலும் காற்றும் ஒத்துவந்தாலும் நீரில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை விசாரித்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரை உயிரைப் பறிக்கக்கூடிய ஜெல்லி மீன்கள் கரையோரம் வரும். பாதுகாப்பு வலை கட்டிய இடங்களில்தான் குளிக்கச் சொல்வார்கள்.

உங்களுக்கு ஜூலை விடுமுறைதான் வசதி என்றால் சமூய் அல்லது நிலாவெளி. மனம் புக்கெட்டிலேயே நிற்கிறது என்றால் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள். புத்தாண்டு நெரிசல் ஓய்ந்திருக்கும், அந்தமான் கடலும் அமைதியாக இருக்கும். ஏப்ரல்வரை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மழைக்கு முந்தைய புழுக்கம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், அம்மாவால் பகலில் அறையைவிட்டு வெளியே வரவே முடியாது.

அன்புடன்.