கிரெடிட்டுக்காகத் தனி ஆய்வு: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

பதினோரு ஆண்டுகளாக ஒரு மேலாண்மைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு தனி ஆய்வுகளுக்கு வழிகாட்டியாக இருப்பேன். மாணவியாக இருந்தபோது ஒன்றை நானே சொதப்பியும் இருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளிலிருந்து சில.

கே: தனி ஆய்வு என்பது கோடைக்கால இன்டர்ன்ஷிப் ப்ராஜெக்ட்தானே, மேடம்?

இல்லை. இன்டர்ன்ஷிப்பில் கம்பெனி கேள்வியைக் கொடுக்கும், நீங்கள் விடை தேடுவீர்கள். இங்கே கேள்வியே உங்களுடையது. ஒரு விருப்பப் பாடத்துக்குப் பதிலாக, ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் நீங்களே ஆய்வு செய்து, அறிக்கை எழுதி, கிரெடிட் வாங்குகிறீர்கள். இடத்துக்கு இடம் பெயர்தான் மாறும். ஐஐஎம் அகமதாபாத்தில் இன்டிபென்டன்ட் ப்ராஜெக்ட், பெங்களூரில் கன்டெம்பரரி கன்சர்ன்ஸ் ஸ்டடி (பேச்சில் சிசிஎஸ்), கல்கத்தாவில் சிஐஎஸ் (கோர்ஸ் ஆஃப் இன்டிபென்டன்ட் ஸ்டடி). பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் எடுக்க முடியும்.

கே: மூன்று பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் ஒட்டியிருந்த மெயிலைப் படித்தேன். ‘மார்க்கெட்டிங்கில் ஆர்வம் உண்டு, உங்கள் வழிகாட்டுதலில் ஏதாவது செய்ய விரும்புகிறேன்’ என்று எழுதி, பெயரை மட்டும் மாற்றி மூன்று பேருக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். பெண் கேட்டுப் போகிறவர்கள் ஜாதகத்தையாவது எடுத்துப் போவார்கள். நீங்கள் வெறுங்கையோடு போயிருக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். அறுபது பேருக்கு வகுப்பு எடுத்தால் அது பணிக்கணக்கில் வரும். தனி ஆய்வுக்குப் பல இடங்களில் அப்படி ஒன்றும் வராது. இருந்தும் ஒப்புக்கொள்கிறோம் என்றால், கேள்வி எங்களுக்கும் சுவாரசியமாக இருக்கிறது, ஆள் பாதியில் விட்டுவிட்டுப் போக மாட்டார் என்ற இரண்டு நம்பிக்கைகள்தான் காரணம்.

அதனால் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். கேள்வி ஒரு வாக்கியத்தில் இருக்கட்டும். எந்தத் தரவு, அது யாரிடம் இருக்கிறது, கைக்கு வந்துவிட்டதா என்பதைச் சொல்லுங்கள். எப்படி அலசப் போகிறீர்கள், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திக்கக் கேட்கிறீர்கள், கடைசியில் என்ன கொடுப்பீர்கள் என்பதும் வேண்டும். அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதினால் அது எங்களுக்குத் தெரிந்துவிடும். படிக்காமல் புகழ்ந்தால் அதுவும் தெரிந்துவிடும். அப்புறம், பாடப் பதிவு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே நேரில் போங்கள். கடைசி வாரத்தில் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்களை நான் உட்காரக்கூடச் சொல்வதில்லை.

கே: எங்கள் ஊர் திருப்பூர். ‘பின்னலாடைத் தொழிலின் சவால்கள்’ என்று தலைப்பு வைத்தேன். ரொம்ப அகலம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். தலைப்பில் ‘சவால்கள்’ என்று பார்த்தாலே எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஆனால் நீங்கள் திருப்பூர்க்காரர், ஜாப் ஒர்க் யூனிட்களின் (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தருபவை) பில் புத்தகம் உங்கள் கைக்கு எட்டும். அதை வைத்து யோசியுங்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். பல ஆண்டுகளாக இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (அதாவது 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து), கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். இந்தப் பிரிவு வருவதற்கு முன்னும் பின்னும், நிட்டிங், பிரிண்டிங் யூனிட்களுக்கு பில் போட்ட எத்தனையாவது நாளில் பணம் வந்தது? ஆறு யூனிட், இரண்டிரண்டு ஆண்டு பில் கிடைத்தால் போதும். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு தரப்பு தயாராக இருக்கிறது. பணம் சீக்கிரம் வந்ததா, அல்லது வாங்குபவர்கள் எம்எஸ்எம்இ பதிவு இல்லாத யூனிட்களுக்கு ஆர்டரை மாற்றிவிட்டார்களா? இதைச் செய்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கே: மூன்று கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேர வேலை?

நம் தேசிய கிரெடிட் சட்டகப்படி ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி, ஆக 90 மணி. பத்து வார டெர்ம் என்றால் வாரத்துக்கு ஒன்பது. உங்கள் கல்லூரியின் கணக்கு வேறாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். எளிதில் கிரெடிட் வாங்கலாம் என்று வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கே: நீங்கள் சொதப்பியது எப்படி?

ஒரு கம்பெனி மேலாளர் விற்பனைத் தரவு தருகிறேன் என்று போனில் சொன்னார். அந்த வாய்வார்த்தையை நம்பிப் பதிவு செய்தேன். ‘சட்டப் பிரிவில் இருக்கிறது’ என்றே ஆறு வாரம் போனது. ஏழாவது வாரம் தலைப்பை மாற்றி, செய்தித்தாள் கட்டுரைகளை வெட்டி ஒட்டி எதையோ கொடுத்தேன். வழிகாட்டி திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கே: பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் எம்பிஏ படிக்கிறேன். இங்கே அப்படி ஒரு ஏற்பாடே இல்லை.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால் உங்கள் முதல்வர் நினைத்தாலும் புதிதாகச் சேர்க்க முடியாது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு வழியாக முயலலாம். உங்களுக்கு உடனடி வழி ஸ்வயம், மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதில் படிக்க யுஜிசி 2021 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை ஏற்கிறதா என்று பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கே: அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கிறேன். கம்பெனியில் வேலை செய்துகொண்டே அதைத் தனி ஆய்வாகப் பதியலாமா?

வேலை என்றால் அது சிபிடி (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை செய்ய அனுமதி) விவகாரம். பேராசிரியரின் சம்மதம் மட்டும் போதாது. சர்வதேச மாணவர் அலுவலகம் அனுமதித்து, புது ஐ-20 (விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) கைக்கு வந்த பிறகுதான் முதல் நாள் வேலை. முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்டநிலைக்கான ஓபிடி (படிப்புக்குப் பிறகு அங்கே வேலை செய்யும் அனுமதி) போய்விடும். சம்பளமும் வேலையும் இல்லாத, நூலக ஆய்வு மட்டும் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

கே: அப்பாவின் கம்பெனியைப் பற்றியே செய்யலாமா?

செய்யலாம், உறவை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால். ஆனால் ‘நிர்வாகம் சிறப்பாக இருக்கிறது’ என்று முடித்தால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

கே: நண்பர்களோடு சேர்ந்து செய்யலாமா, மேடம்?

இரண்டு பேர் என்றால் சரி, யார் எதைச் செய்தார் என்று தனித்தனியாகக் கேட்பேன். மூன்றாவது ஆள் எப்போதும் பவர்பாயின்ட் ஸ்லைடு மட்டும்தான் செய்திருப்பார்.