டமாக்ஸிஃபென் சாப்பிடும்போது மாதவிலக்கு நின்றால் அது மெனோபாஸ்தானா?

உங்களுக்கு 44 வயது, மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறீர்கள், பத்து மாதமாக மாதவிலக்கு இல்லை, இது மெனோபாஸ்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லாமலும் இருக்கலாம் தங்கச்சி. ஆமாம் என்று நம்பி ஏமாந்தவள் நான்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவைப் பிடுங்குகிற மாதிரி வீசும். அப்படி ஒரு ராத்திரி எல்லாரும் போர்வைக்குள் இருக்க, எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று குப்பென்று சூடு ஏறி ரவிக்கை நனைந்துவிட்டது. "ஏனுங்க அண்ணி, இந்தக் காத்துல உங்களுக்கு வேர்க்குதுங்களா?" என்று நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். சித்திரை வெயிலில் புரியாதது அன்றைக்குப் புரிந்தது. கீமோ முடிந்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக மாதவிலக்கும் இல்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் மலையாளத்தில், "ஆர்த்தவவிராமம் ஆயோ சேச்சி?" (மெனோபாஸ் ஆகிவிட்டதா அக்கா?) என்று கேட்டார். "ஆயி", ஆகிவிட்டது என்றேன். அந்த ஒரு சொல்லை வைத்தே டமாக்ஸிஃபெனை நிறுத்தி லெட்ரோசோல் என்ற வேறொரு மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அப்போது 45. ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மூன்றாவது மாதம் மாதவிலக்கு வந்துவிட்டது.

வேறொரு டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். கீமோ கருப்பையைத் தொடுவதில்லை, சினைப்பையைத்தான் அடிக்கும். சில பேருக்கு அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தூங்கி மறுபடி விழிக்கும். உடம்புச் சூட்டை டமாக்ஸிஃபெனே கொண்டுவரும், மாதவிலக்கையும் அதுவே நிறுத்தலாம். ஆக, பன்னிரண்டு மாதம் வராவிட்டால் மெனோபாஸ் என்ற கணக்கு நமக்குச் செல்லாது. லெட்ரோசோலோ, சினைப்பை ஓய்ந்தவர்களுக்கான மருந்து. ஓயாமல் இருந்தால் அது மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் தூண்டலைக் கூட்டிவிடும். குழந்தை இல்லாதவர்களுக்குக் கருமுட்டை வளர இதே மாத்திரையைக் கொடுக்கிறார்களாம்! கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? 60 வயது தாண்டியிருந்தால், அல்லது இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நம் வயதில் ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். (மூளையிலிருந்து சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்), எஸ்ட்ரடையால் (சினைப்பை சுரக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்க்க வேண்டும். டமாக்ஸிஃபென் எஃப்.எஸ்.எச். அளவையே கொஞ்சம் மாற்றும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யவும் கூடாது. சினைப்பையை அடக்கும் ஊசி போடுகிறவர்களுக்கு, ஊசி நடக்கிற வரை இந்தக் கேள்விக்கே பதில் கிடைக்காது. எனக்கு 50 வயதில், மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை எஸ்ட்ரடையால் அடிமட்டத்தில் வந்த பிறகுதான் மறுபடி லெட்ரோசோலுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகும் ஒரு முறை பார்த்தார்கள்.

இன்னொன்று, சங்கோஜப்படாமல் சொல்கிறேன். மாதவிலக்கு வராவிட்டாலும் கர்ப்பம் தரிக்கலாம், டமாக்ஸிஃபென் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. ஆணுறையோ காப்பர் டியோ வேண்டும், ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை நமக்குக் கூடாது. அப்புறம், நின்றுபோன பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். டமாக்ஸிஃபென் கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும், அபூர்வமாக அங்கே புற்றும் வரலாம்.

அடுத்த தடவை யாராவது "நின்னாச்சா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லாதீர்கள். கடைசியாக வந்த தேதியைச் சொல்லி, எஸ்ட்ரடையால் பார்க்கலாமா என்று கேளுங்கள்.