கேமரா அனுப்பிய அபராதம்: படத்தில் இருப்பது என் வண்டி அல்ல என்றால்?

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் பெயரில் சாம்பல் நிற மோட்டார் சைக்கிள் ஒன்று உள்ளது. கடந்த மாதம் என் கைபேசிக்கு இரண்டு இ-சலான்கள் (மின்னணு அபராத அறிவிப்புகள்) வந்தன. முதலாவது, நான் போகவே செய்யாத வெளி மாவட்ட மாநகரம் ஒன்றில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாகச் சொல்கிறது. அதனுடன் உள்ள படத்தில் இருப்பதோ கறுப்பு ஸ்கூட்டர். இரண்டாவது, எங்கள் ஊர்ச் சாலையில் தலைக்கவசம் இல்லாமல் சென்றதற்கானது. அன்று வண்டியை எடுத்துச் சென்றவன் கல்லூரியில் படிக்கும் என் மகன். அலைச்சல் வேண்டாம், இரண்டையும் கட்டிவிடுங்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்: முதல் சலானுக்குப் பணம் கட்ட வேண்டாம். இரண்டாவதைக் கட்டிவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

எதையும் செய்யும் முன், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து, வண்டி எண்ணைக் கொடுத்து, இரண்டு சலான்களும் அங்கே உண்மையிலேயே பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். போலிச் சலான் செய்தியை நம்பி, அதிலிருந்த செயலியைக் கைபேசியில் நிறுவி, வங்கிக் கணக்கில் இருந்ததை இழந்தவர்கள் பலர்.

சலான் உண்மையானதுதான் என்றால், முதலாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அபராதத்தைக் கட்டுவது என்பது வெறும் பணம் செலுத்துவது அன்று. குற்றத்தை ஏற்றுக்கொண்டு, வழக்கில்லாமல் முடித்துக்கொள்வதாகும். அப்படி முடித்த பிறகு, அந்த வண்டி என்னுடையது அல்ல என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்காது. மேலும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சிவப்பு விளக்கைத் தாண்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்ற வகைக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. மூன்றாண்டுக்குள் அதே குற்றம் மீண்டும் நடந்தால் தண்டனை கூடும். செய்யாத ஒன்றை உங்கள் பெயரில் முதல் குற்றமாக நீங்களே எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

கேமராவின் பதிவு சான்றாக நிற்பதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன. மின்னணுக் கண்காணிப்புக்கு இடமளிக்கும் 136-ஏ பிரிவும் 2019 திருத்தத்தில் வந்ததுதான். அதைச் செயல்படுத்தும் 167-ஏ விதி 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. கருவிக்கு மாநில அரசு குறிப்பிடும் அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், கண்காணிப்பு உள்ள இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட வேண்டும், குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம் சலானில் இருக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும், சலான் முடிவுக்கு வரும் வரை மின்னணுப் பதிவு பாதுகாக்கப்பட வேண்டும் என்பன அந்த விதி முதலில் வகுக்கப்பட்டபோது வைத்த நிபந்தனைகளுள் முக்கியமானவை. மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் தேவை. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவில் இருந்த இந்தத் தேவை, 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவில் உள்ளது.

ஆனால் உங்கள் நிலையில் இவற்றையெல்லாம் முதல் வாதமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கையில் இருப்பது அதைவிட வலுவானது: படத்தில் உள்ள வண்டியே வேறு. அந்தப் படத்தைப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். அதில் உள்ள எண் உங்கள் எண்ணிலிருந்து ஓர் இலக்கமாவது மாறியிருந்தால், எண்ணைப் படிக்கும் மென்பொருள் 8ஐ 3 என்றோ, 'பி' என்ற ஆங்கில எழுத்தை 8 என்றோ தவறாக எடுத்திருக்கிறது. சலானை அனுப்பிய அலுவலகத்துக்கு ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) நகலுடன் எழுத்துப்பூர்வமாக முறையிட்டாலே அது ரத்தாக வாய்ப்புண்டு. எண் அச்சாக உங்களுடையதாகவே இருந்தால் விஷயம் கடுமையானது. யாரோ உங்கள் எண்ணைப் போலியாகப் பொருத்திக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்று பொருள். அந்த ஸ்கூட்டர் நாளை ஒருவரை இடித்துவிட்டு ஓடினால், போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். எனவே தாமதிக்காமல் உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியின் வகையும் நிறமும் குறிக்கப்பட்ட ஆர்.சி., வண்டியின் நான்கு பக்கப் படங்கள், குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் நீங்கள் பள்ளியில் இருந்ததைக் காட்டும் வருகைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். முறையீட்டில் பயன் கிடைக்காமல், சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையவழி நீதிமன்றத்துக்கு) சென்றால், அங்கே அபராதத்தை ஏற்பதா, எதிர்த்து வழக்காடுவதா என்ற இரண்டு வழிகள் இருக்கும். எதிர்ப்பதைத் தேர்ந்தால் வழக்கு உரிய நீதிமன்றத்துக்கு மாறும். மேலே சொன்ன விதிமுறைக் குறைகளை எழுப்ப வேண்டிய இடமும் அதுதான். எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது மட்டும் கூடாது. வண்டியை விற்கப் பெயர் மாற்றத்துக்குப் போகும்போது நிலுவைச் சலான் குறுக்கே வந்து நிற்கும்.

இரண்டாவது சலானில் கேமரா பொய் சொல்லவில்லை. அது எண்ணை வைத்து உரிமையாளரைத் தேடுகிறது, ஓட்டியவர் யார் என்பது அதற்குத் தெரியாது. ஓட்டியவர் விவரத்தை அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டிய கடமையை 133ஆம் பிரிவு உரிமையாளர் மீது வைத்துள்ளது. மறைத்தால் அதுவே தனிக் குற்றம். உங்கள் மகனுக்கு 18 வயது நிறைந்து, ஓட்டுநர் உரிமமும் இருக்கிறது என்று கொண்டே இந்தச் சலானைக் கட்டிவிடச் சொல்கிறேன். அப்படி இல்லையென்றால், பணம் கட்டும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். 18 வயது நிறையாதவர் ஓட்டியிருந்தால் 199-ஏ பிரிவு பாதுகாவலருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

தலைக்கவசக் குற்றத்துக்கு 194-டி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். அதே பிரிவு மூன்று மாதம் உரிமத்தை இழக்கவும் வழி வைத்திருக்கிறது என்பதை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள்.